எல்லாப் பனிக்கும் ஒரு ஸ்கீ

"செம்பூர்க்காரருக்கும் பனிச்சறுக்குக்கும் என்ன ஐயா சம்பந்தம்?" என்று மாட்டுங்கா மார்க்கெட்டில் வாழைப்பூவுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்த நண்பர் ஒருவர் போன மாதம் கேட்டார். நியாயமான கேள்விதான். நமக்குத் தெரிந்த பனியெல்லாம் மார்கழியில் ஊருக்குப் போகும்போது வயல் வரப்பில் பார்ப்பதுதான். ஆனால் இப்போது காலையில் மும்பையில் விமானம் ஏறினால் பிற்பகலில் ஸ்ரீநகர். அங்கிருந்து சுமார் 50 கிலோமீட்டரில் குல்மார்க். நம் பிள்ளைகள் நாலு நாள் விடுமுறை கிடைத்தால் அங்கே புறப்பட்டுவிடுகிறார்கள்.

அப்படிப் புறப்படும் பிள்ளைகளின் பெற்றோர்களுக்காகவே இதை எழுதுகிறேன். இதை எழுதும் தகுதியை எனக்குத் தந்தது என் இடது முழங்கால்.

2019 பிப்ரவரியில் குடும்பத்தோடு பனி பார்க்கப் போயிருந்தோம். ஒரு வாடகைக் கடையில் பூட்ஸையும் ஸ்கீயையும் மாட்டிவிட்டார்கள். என் எடை என்ன, வயது என்ன என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. குழந்தைகள் பழகும் சரிவில் மெதுவாகத்தான் விழுந்தேன். கழன்றுகொள்ள வேண்டிய ஸ்கீ கழலவில்லை. அது ஒரு பக்கம் திரும்ப, நான் மறுபக்கம் திரும்ப, முழங்காலுக்குள் லிகமென்ட் கிழிந்தது. ஆறு மாதம் குர்லா ஸ்டேஷன் படிகளை ஒவ்வொன்றாக எண்ணி ஏறினேன்.

இதையெல்லாம் பார்த்த பிறகும் என் மகள் பனிச்சறுக்கில் அடிப்படைப் பயிற்சி முடித்து, சொந்தமாக ஸ்கீ வேண்டும் என்றாள். அந்த நேரம் பார்த்து அமெரிக்காவில் கொலராடோவில் இருக்கும் என் தங்கை கணவர் போன் செய்தார். "மச்சான், என்னோட ஸ்கீ சும்மாத்தான் கிடக்கு. டிசம்பர்ல வரும்போது கொண்டு வர்றேன்" என்றார். இலவசம்! எனக்கு வாயெல்லாம் பல். என் மனைவிதான் குறுக்கே வந்தாள். "சும்மா கிடைக்குதுன்னு இன்னொரு முட்டியையும் உடைச்சுக்கணுமா?" என்றாள். அதன்பிறகுதான் நான் பயிற்சியாளர்களைக் கேட்டு விவரம் தெரிந்துகொள்ள ஆரம்பித்தேன்.

பனி ஒன்றல்ல

நம்மூர் மழை மாதிரிதான் பனியும். ஜூலையில் கிங்ஸ் சர்க்கிளில் முழங்கால் தண்ணீர், சந்துக்குள் சேறு, ஸ்டேஷனில் வழுக்கும் தரை. மூன்றுக்கும் ஒரே செருப்பைத்தான் போட்டுக்கொண்டு போகிறோம். மலையிலும் இரவில் விழுந்த புதுப் பனி பஞ்சு மாதிரி இருக்கும். இயந்திரம் வைத்துச் சமன் செய்த பாதை கெட்டியாக இருக்கும். காலையில் அதுவே கண்ணாடியாக இறுகும். வெயில் ஏறினால் கூழாகும்.

ஸ்கீயின் நடுப்பகுதி, அதாவது பூட்ஸுக்கு நேர் கீழே உள்ள அகலம், இங்கேதான் முக்கியம். 80 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் கெட்டிப் பனியில் விளிம்பு நன்றாகப் பிடிக்கும்; ஆழமான புதுப் பனியில் புதையும். 105க்கு மேல் போனால் புதுப் பனியில் மிதக்கும். கெட்டிப் பாதையில் திருப்புவதற்குள் தொடை வலிக்கும். ஏறக்குறைய 85 முதல் 95 வரை உள்ளவற்றைத்தான் 'ஆல் மவுன்டன்' என்று எல்லாப் பனிக்கும் பொதுவாக விற்கிறார்கள். எல்லாவற்றுக்கும் பொது என்றால் எதிலும் முதலிடம் இல்லை என்று பொருள். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரராகக் கலந்துகொண்ட ஆரிஃப் கான் காஷ்மீர்க்காரர். அவர் இறங்கிய ஸ்லாலம், ஜெயன்ட் ஸ்லாலம் இரண்டும் பனிச்சரிவில் கொடிக்கம்பங்களைச் சுற்றி வரும் பந்தயங்கள்தான். ஆனால் ஆண்களுக்கு முதலாவதற்குச் சுமார் 165 சென்டிமீட்டர் ஸ்கீ, இரண்டாவதற்குச் சுமார் 193. ஒரே மனிதருக்கே இரண்டு தேவைப்படும்போது நாம் ஒன்றை வைத்துச் சமாளிக்கப் போகிறோம்!

ஆகவே கனவில் காணும் பனிக்காக வாங்காதீர்கள். பத்து நாளில் எட்டு நாள் எந்தப் பனியில் நிற்பீர்களோ அதற்காக வாங்குங்கள். என் மகள் நிற்பது பெரும்பாலும் சமன் செய்த பாதையில். அதனால் 86 மில்லிமீட்டர் போதும் என்று முடிவு செய்தோம்.

நீளம், வளைவு

பழகுகிறவர்களுக்கு ஸ்கீயை நிமிர்த்தி வைத்தால் தாடைக்கும் மூக்குக்கும் இடையில் வரவேண்டும். தேர்ந்தவர்களுக்குத் தலை உயரம் வரை போகலாம். எடை அதிகமானால் சற்று நீளம், குறைந்தால் சற்றுக் குட்டை. முன்நுனி மேல்நோக்கி வளைந்து, காலடியில் வில்போல் இருந்தால் புதுப் பனியிலும் ஏறும், கெட்டிப் பனியிலும் பிடிக்கும். மகளின் உயரம் 158, எடை 52 கிலோ. எனவே 150 சென்டிமீட்டர், அதிக விறைப்பில்லாதது. மாப்பிள்ளையின் ஸ்கீயோ 184 நீளம், 112 அகலம். வாங்கிப் பன்னிரண்டு வருடம்.

முதலில் பூட்ஸ்

இதைச் சொல்லிக்கொடுத்தவர் பனியையே பார்க்காத ஒருவர். தாராவியில் தோல் வேலை செய்யும் பெரியவர். தாத்தா காலத்தில் திருநெல்வேலியிலிருந்து தோல் பதனிட வந்த குடும்பம். மகளின் கையுறையைத் தைக்கக் கொடுக்கப் போனபோது பேச்சு வந்தது. "மொதல்ல கால அளந்தீங்களா சார்? பெரிய பூட்ஸுக்குள்ள கால் ஆடுச்சுன்னா நடக்கவே முடியாது. நீங்க சறுக்கப் போறீங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது. கால் திரும்பினால் பூட்ஸ் திரும்பவேண்டும், பூட்ஸ் திரும்பினால்தான் ஸ்கீ திரும்பும்.

குதிகாலைச் சுவரில் ஒட்டி நின்று, காகிதத்தில் பெருவிரல் வரை சென்டிமீட்டரில் அளந்தால் அதுதான் ஸ்கீ பூட்ஸின் அளவு. ஒரே ஒரு மெல்லிய காலுறை போதும். நேராக நிற்கும்போது விரல் முன்னால் லேசாகத் தொடவேண்டும். முழங்காலை மடக்கினால் விலகவேண்டும்.

கழலவேண்டிய நேரத்தில் கழல

பூட்ஸை ஸ்கீயோடு பிணைக்கும் பைண்டிங்கில் ஒரு எண் இருக்கும். எடை, உயரம், வயது, பூட்ஸ் அடிப்பாகத்தின் நீளம், திறமை இவற்றை அட்டவணையில் பார்த்து, பயிற்சி பெற்றவர் அந்த எண்ணை வைக்கவேண்டும். இறுக்கமாக வைத்தால் என் கதிதான். தளர்வாக வைத்தால் வேண்டாத இடத்தில் கழலும். சரியாக வைத்தாலும் முழங்காலுக்கு முழு உத்தரவாதம் கிடையாது. மிகப் பழைய பைண்டிங்கை எண் வைத்துத் தரப் பல கடைகளில் மறுப்பார்கள்.

தயங்கித் தயங்கி மாப்பிள்ளைக்குப் போன் செய்தேன். அவர் கோபிக்கவில்லை. "எனக்கு 85 கிலோ, அவளுக்கு 52. நானே யோசிச்சிருக்கணும் மச்சான்" என்றார். மகள் இரண்டு பருவம் வெவ்வேறு ஸ்கீக்களை வாடகைக்கு எடுத்துப் பார்த்தாள். பிறகு ஆபீஸ் வேலையாக ஜெர்மனி போனபோது, கடையில் அரை நாள் நின்று பூட்ஸைப் போட்டுப் பார்த்து, அதற்கேற்ப பைண்டிங் வைத்து ஸ்கீயை வாங்கினாள்.

ஒன்று மட்டும் மறக்கவேண்டாம். எந்த ஸ்கீயும் பனிச்சரிவிலிருந்து காப்பாற்றாது. 2024 பிப்ரவரியில் குல்மார்க்கின் மேல்மலையில் ஒரு வெளிநாட்டவர் அப்படித்தான் உயிரிழந்தார். எச்சரிக்கை விடுத்த நாளில் மேலே போகக்கூடாது. எல்லையைத் தாண்டி வழிகாட்டி இல்லாமல் போகக்கூடாது.

போன ஜனவரியில் ஒரு மாலை மகள் குல்மார்க்கிலிருந்து பேசினாள். காலையில் கெட்டிப் பனி, மதியம் புதுப் பனி, இரண்டிலும் சமாளித்தாளாம். "ஒரு தடவை பலமா விழுந்துட்டேம்ப்பா" என்றதும் எனக்கு மூச்சு நின்றது. "ஸ்கீ கழன்டு தனியாப் போச்சு. கால் என்கிட்டதான் இருக்கு" என்று சிரித்தாள்.

அன்பர்களே, உங்கள் வீட்டிலும் யாராவது பனிக்குப் புறப்பட்டால் ஸ்கீ என்ன விலை என்று கேட்பதற்கு முன், பைண்டிங்கில் எண் வைத்தது யார் என்று கேளுங்கள்.