திமிங்கிலத்துக்கு மார்ச், யானைக்கு ஓகஸ்ட்: கிழக்கின் பருவம் எது?

ஆபிரிக்காவில் 'சஃபாரி' போக விரும்புகிறவர்கள் முதலில் விசாரிப்பது மாதத்தைத்தான். கென்யாவுக்கும் தன்சானியாவுக்கும் ஜூன் முதல் ஒக்டோபர் வரை போகலாம் என்பார்கள். காரணம் வறட்சி. மழை நின்று புல் காய்ந்ததும், தண்ணீர் எஞ்சியிருக்கும் ஆறுகளையும் குட்டைகளையும் தேடி விலங்குகள் கூடிவிடும். மழைக்காலத்தில் எங்கும் நீர் கிடைப்பதால் அவை சிதறிப்போகும். வளர்ந்த புல்லும் அவற்றை மறைத்துவிடும்.

இதே கணக்கு திருகோணமலைக்கும் பொருந்தும். ஆனால், இலங்கைக்கு வர டிசெம்பர் முதல் மார்ச் வரையே சிறந்த காலம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது தெற்கு, மேற்குக் கரைகளை மனதில் வைத்துத்தான். அதை நம்பி டிசெம்பரில் நிலாவெளிக்கு வருபவர் காண்பது மழையையும் கொந்தளிக்கும் கடலையும் கரையில் ஏற்றிவைத்த படகுகளையும்தான்.

வாடையும் கச்சானும்

கிழக்கின் பருவத்தைத் தீர்மானிப்பவை இரண்டு காற்றுகள். ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான மாதங்களிலேயே திருகோணமலைக்கு ஆண்டின் பெரும்பகுதி மழை கிடைக்கிறது. வாடைக் காற்றும் வங்கக் கடலின் தாழமுக்கங்களும் சேர்ந்து வரும் காலம் அது. 1964 டிசெம்பரில் இந்த மாவட்டத்தைச் சிதைத்த சூறாவளியும் இக்காலத்தில் வந்ததே. மே மாதத்துக்குப் பின்னர் தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று, மழையை மலைநாட்டிலும் மேற்கிலும் கொட்டிவிட்டு, காய்ந்து சூடாகவே இங்கு வந்து சேரும். காலியில் கடல் பொங்கும்போது உப்புவெளியில் அலை அடங்கியிருப்பது இதனால்தான்.

கடலில் எப்போது?

திருகோணமலைத் துறைமுகத்தின் வாயிலை ஒட்டியே கடலடியில் ஒரு பெரும் பள்ளத்தாக்கு தொடங்குகிறது. மற்ற இடங்களில் வெகுதூரம் சென்றால்தான் கிடைக்கும் ஆழம் இங்கே கரைக்கு அருகிலேயே உண்டு. அதனால்தான் நீலத்திமிங்கிலங்கள் இவ்வளவு அண்மையில் வருகின்றன. அதிர்ஷ்டமிருந்தால் கோணேசர் கோயில் அமைந்துள்ள சுவாமி மலையில் நின்றே அவை நீரைப் பீய்ச்சுவதைக் காணலாம்.

இரண்டு காற்றுகளுக்கும் இடைப்பட்ட, கடல் அமைதியான மார்ச், ஏப்ரல் மாதங்களே இதற்கு மிகப் பொருத்தமானவை. ஓகஸ்ட் வரையும் அவற்றைக் காண வாய்ப்புண்டு. ஆனால் கச்சான் வலுக்கும் நாட்களில் பகல் ஏற ஏறக் கடல் குழம்பும். ஆகவே விடிகாலையிலேயே புறப்பட வேண்டும். புறாமலைத் தீவின் பவளப் பாறைகளைப் பார்க்க மே முதல் செப்டெம்பர் வரை ஏற்ற காலம். 2003இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட அத்தீவில், கூட்டம் மிகும் நாட்களில் பவளங்களின் மீது கால் வைப்பவர்களும் மிகுகிறார்கள். எனவே வார இறுதியையும் நீண்ட விடுமுறைகளையும் தவிர்ப்பது பவளத்துக்கும் நல்லது, பார்ப்பவருக்கும் நல்லது.

1979இல் இந்து சமுத்திரம் திமிங்கிலங்களின் சரணாலயமாக அறிவிக்கப்பட்டதன் பின்னர், 'டியூலிப்' என்ற ஆய்வுப் படகு இக்கடலுக்கு வந்து இங்குள்ள திமிங்கிலங்களைப் பதிவுசெய்தது. 1983க்குப் பின்னர் போர் அந்தப் பணியைத் தடுத்தது. அடுத்த கால் நூற்றாண்டின் பெரும்பகுதி, பாஸ் நடைமுறைகளும் தடை வலயங்களுமாக, மீன்பிடிக்கவே கடலுக்குப் போக முடியாத காலமாகக் கழிந்தது. திமிங்கிலம் பார்க்கும் பயணம் இங்கு ஒரு தொழிலாக வளர்ந்தது 2009க்குப் பின்னர்தான். கரையோரக் குடும்பங்கள் பலவற்றுக்கு, இந்த ஐந்தாறு மாத வருமானமே வாடைக் காலத்தையும் கடத்த உதவுகிறது.

காட்டில் எப்போது?

திருகோணமலையிலிருந்து கந்தளாய், ஹபரணை வழியாகச் சென்றால் மின்னேரியா. ஜூலை முதல் செப்டெம்பர் வரை, மகாசேன மன்னன் கட்டிய குளத்தின் நீர் வற்ற வற்ற, அதன் படுகையில் இளம்புல் முளைக்கிறது. வறண்ட காடுகளில் தீனி குறையும் வேளையில், அந்தப் புல்லையும் நீரையும் தேடி நூற்றுக்கணக்கான யானைகள் அங்கு கூடுகின்றன. ஒக்டோபரை அண்டி அருகிலுள்ள கவுடுல்ல குளப்பக்கமும் அவை நகரும்.

ஆனால் இப்போது மாதத்தை மட்டும் பார்த்துப் போனால் ஏமாறலாம். 2018இல் திறக்கப்பட்ட மொரகஹகந்த நீர்த்தேக்கத்திலிருந்து வரும் நீரால், சில ஆண்டுகளில் மின்னேரியாக் குளம் கோடையிலும் நிறைந்தே கிடந்தது. புற்படுகை நீரில் மூழ்கியதால் யானைக் கூட்டம் குறைந்தது. அந்த நீரை வீணென்றும் சொல்லிவிட முடியாது. அதே கால்வாய்த் தொடர்தான் கந்தளாய்க் குளத்துக்கும் நீர் கொண்டுவருகிறது. நமது மாவட்டத்து வயல்கள் அதை நம்பியிருக்கின்றன. வேண்டியது, எப்போது எவ்வளவு திறப்பது என்பதில் யானையையும் ஒரு கணக்காகச் சேர்த்துக்கொள்ளும் நீர் முகாமைத்துவம்.

படுகையில் புல் கிடைக்காத யானை பட்டினி கிடக்காது, ஊருக்குள் வரும். 2022இல் மட்டும் இலங்கையில் 400க்கும் மேற்பட்ட யானைகளும் 140க்கும் மேற்பட்ட மனிதர்களும் உயிரிழந்தனர். மூதூர், வெருகல் பகுதிகளில் இடம்பெயர்ந்து திரும்பி, தென்னையும் வாழையும் மீண்டும் நட்டவர்களுக்கு யானை ஒரு காட்சிப்பொருள் அல்ல. ஓர் இரவில் எல்லாம் போய்விடும் என்ற அச்சம் அது. ஜீப்பில் நின்று நாம் ரசிக்கும் கூட்டமும், அவர்கள் தீப்பந்தத்துடன் துரத்தும் யானையும் ஒரே நீரைத் தேடுபவைதான்.

புறப்படும் முன்

புலம்பெயர் நாடுகளிலிருந்து வருவோருக்குப் பெரும்பாலும் ஜூலை, ஓகஸ்ட்டிலேயே பாடசாலை விடுமுறை. பவளத்துக்கும் யானைக்கும் அது சரியான காலம். திமிங்கிலமே முதல் ஆசை என்றால் ஏப்ரல் விடுமுறையைத் தேர்ந்தெடுங்கள். டிசெம்பரில்தான் வர முடியும் என்றால் கடற்பயணத்தை எதிர்பார்க்க வேண்டாம். அடுத்து வரும் மாதங்களில் மன்னார், வங்காலைப் பக்கம் வலசை வரும் நீர்ப்பறவைகளைப் பார்க்கலாம்.

பணம் கட்டும் முன் இரண்டு விடயங்களைக் கேளுங்கள். மின்னேரியாவில் குளத்து நீர் மட்டம் இப்போது எப்படி? கடலில் இந்த வாரம் காற்று எப்படி? முதலாவதை ஹபரணை ஜீப் சாரதிகளிடமும், இரண்டாவதை நிலாவெளிப் படகுக்காரர்களிடமும் நேரடியாகக் கேட்கலாம். 'இன்றைக்குப் போகவேண்டாம்' என்று சொல்லும் படகோட்டி, தனது அன்றைய வருமானத்தை இழந்துதான் அதைச் சொல்கிறார். அவரையே நம்புங்கள், மறுநாள் அவரது படகிலேயே போங்கள். திமிங்கிலத்தை நெருங்கித் துரத்தும்படி அவரை வற்புறுத்தாதீர்கள். தூரத்தில் இயந்திரத்தை நிறுத்திக் காத்திருந்தாலே போதும். மூச்செடுக்க அது மேலே வந்தே ஆகவேண்டும்.