எண்ணூர் அலையாத்தி: எண்ணெயைத் துடைத்தால் மட்டும் போதுமா?

திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் முகத்துவாரம் வரை போயிருக்கீங்களா? தண்ணீர் வற்றிய நேரத்தில் அங்கே சேற்றைக் கிளறினால் அழுகிய முட்டை வாடை குப்பென்று அடிக்கும். சுற்றிலும் அனல்மின் நிலையம், துறைமுகம், ஆலைகள். அதனால், ‘ஏதோ கெமிக்கலைக் கலந்துட்டாங்க’ என்றுதான் முதலில் தோன்றும். ஆலைக் கழிவு இங்கே உண்மையான பிரச்சினைதான். ஆனால், இந்தக் குறிப்பிட்ட வாடை ஆலையே இல்லாத அலையாத்திக் காட்டுச் சேற்றிலும் உண்டு. அதை உண்டாக்குவது பாக்டீரியா.

இந்த பாக்டீரியாவுக்கும் அலையாத்தி வேருக்கும் என்ன உறவு என்று தெரிந்தால்தான், 2023 டிசம்பரில் இங்கே எண்ணெய் படர்ந்தபோது நடந்த சேதம் முழுதாகப் புரியும்.

சேற்றுக்குள் காற்று கிடையாது

தோட்டத்து மண்ணில் துகள்களுக்கு இடையே காற்று இருக்கும். கழிமுகச் சேறு அப்படி இல்லை. மேலே ஒரு மெல்லிய அடுக்கைத் தாண்டினால் ஆக்சிஜன் இருக்காது. அங்கே வாழும் ஒரு வகை பாக்டீரியா, ஆக்சிஜனுக்குப் பதிலாகக் கடல்நீரில் உள்ள சல்ஃபேட்டைப் பயன்படுத்துகிறது. அதன் கழிவாக வெளிவருவதுதான் ஹைட்ரஜன் சல்ஃபைடு. முட்டை வாடைக்குக் காரணமான இந்த வாயு, வேருக்கு விஷம்.

அப்படியானால் மரம் எப்படிப் பிழைக்கிறது? எண்ணூரில் அதிகம் தென்படும் வெண்கண்டல் மரத்தைச் சுற்றிப் பாருங்கள். சேற்றிலிருந்து பென்சில் நட்டதுபோல நூற்றுக்கணக்கான குச்சிகள் மேல்நோக்கி நிற்கும். அவை மூச்சு வேர்கள். அவற்றின் தோலில் உள்ள நுண்ணிய துளைகள் வழியாகக் காற்று நுழைந்து, பஞ்சுபோன்ற திசு வழியாக அடியில் உள்ள வேர்வரை போகிறது.

வேர் அந்த ஆக்சிஜன் முழுவதையும் தானே வைத்துக்கொள்வதில்லை. கொஞ்சம் சேற்றிலும் கசிகிறது. அதனால் வேரைச் சுற்றி மெல்லிய ஓர் உறைபோலக் காற்றுள்ள மண் உருவாகிறது. அங்கே விஷ சல்ஃபைடு முறிகிறது. கறுப்புச் சேற்றுக்குள் வேரை ஒட்டிய பகுதி மட்டும் துருப்பிடித்த நிறத்தில் இருப்பதும் இதனால்தான்; சேற்றிலுள்ள இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து துருவாகப் படிகிறது.

சர்க்கரை கொடு, உரம் வாங்கு

வேரின் தாக்கத்துக்கு உட்பட்ட இந்த மண்ணுக்கு ஜெர்மானிய விஞ்ஞானி லோரன்ஸ் ஹில்ட்னர் 1904இல் ‘ரைசோஸ்பியர்’ என்று பெயர் வைத்தார். வேர்மண்டலம் என்று சொல்லலாம். இலையில் தயாரான சர்க்கரையில் ஒரு பங்கை வேர் இங்கே கசியவிடும். அதைத் தின்று வளரும் பாக்டீரியாக்களில் சில, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து உரமாக்கித் தரும். வேறு சில, மண்ணில் கட்டுண்டு கிடக்கும் பாஸ்பரஸைக் கரைத்துக் கொடுக்கும்.

இந்த இரண்டு வேலையையும் செய்யும், உப்பையும் தாங்கும் ஒரு பாக்டீரியாவைப் பிச்சாவரத்தில் வளரும் காட்டு நெல் வகை ஒன்றிலிருந்து சென்னை தரமணியில் உள்ள எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவன ஆய்வாளர்கள் பிரித்தெடுத்தார்கள். 2004இல் அதற்கு ‘சுவாமிநாதானியா’ என்று பெயரிட்டார்கள்.

உதிரும் இலைகளை மக்கச் செய்வதும் நுண்ணுயிர்கள்தான். அந்த மக்கு இறால் குஞ்சுகளுக்கு இரை. வேர்களின் இடுக்கு அவற்றுக்குப் பாதுகாப்பு. இடுப்பளவு தண்ணீரில் கையால் தடவியே இறால் பிடிக்கும் எண்ணூர் மக்களின் வருமானம், கண்ணுக்குத் தெரியாத இந்தக் கூட்டத்தில் இருந்துதான் தொடங்குகிறது.

துளை அடைபட்டால்?

1955இல் ஷோலாண்டர் என்ற ஆய்வாளரும் அவரது குழுவினரும் ஓர் எளிய சோதனையை வெளியிட்டார்கள். அலையாத்தி வேரின் துளைகளை கிரீஸ் பூசி அடைத்தார்கள். சேற்றுக்குள் இருந்த வேரில் 15-18 சதவீதமாக இருந்த ஆக்சிஜன், இரண்டே நாளில் 2 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது.

எண்ணூரில் நடந்ததும் கிட்டத்தட்ட அதே சோதனைதான், ஆனால் யாரும் திட்டமிடாதது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியில் இருந்து வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றில் கலந்து முகத்துவாரம் வரை பரவியது. படகு, வலை, பறவைகளின் இறகு என எல்லாவற்றிலும் எண்ணெய். மூச்சு வேர்களிலும் அப்பியது.

‘எண்ணெயைத் தின்னும் பாக்டீரியா இருக்கே, அது பார்த்துக்காதா?’ என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் எண்ணெயை வேகமாகச் சிதைக்க அதற்கு ஆக்சிஜன் வேண்டும். சேற்றின் ஆழத்துக்கு ஆக்சிஜனைக் கொண்டுபோவதில் முக்கியப் பங்கு வேருக்கும் நண்டு வளைகளுக்கும்தான். எண்ணெய் வேரை மூச்சடைக்க வைத்து, நண்டையும் கொன்றுவிட்டால், தன்னைச் சிதைக்க வேண்டிய பாக்டீரியாவுக்கும் காற்று கிடைக்காமல் செய்துவிடுகிறது. 1986இல் பனாமா நாட்டுக் கடற்கரையில் கொட்டிய எண்ணெய், ஐந்து ஆண்டுகள் கழித்தும் அங்குள்ள அலையாத்திச் சேற்றில் இருந்தது. தண்ணீரின் மேல் மிதப்பதை அள்ளியதும் வேலை முடிந்துவிடாது என்பதற்கு இதுவே சாட்சி.

எண்ணூருக்கு இன்னொரு சுமையும் உண்டு: அனல்மின் நிலையச் சாம்பல். குழாய்களில் இருந்து கசிந்து கழிமுகத்தில் படியும் இந்த மாவு போன்ற தூள், தரையை உயர்த்துகிறது; கடல்நீர் ஏறி இறங்கும் பாதையைத் தூர்க்கிறது. மூச்சு வேர்கள் உயரம் குறைந்தவை. அவை புதைந்தாலும் மரம் திணறும்.

கன்று நட்டால் சரியாகிவிடுமா?

பிச்சாவரத்தில் ஒரு பாடம் இருக்கிறது. பிரிட்டிஷ் காலத்தில் அங்கே மரங்களைக் கூட்டமாக வெட்டியதில் தரை காய்ந்து அமுங்கிப் பள்ளமானது. உள்ளே வந்த கடல்நீர் வெளியேற வழியின்றித் தேங்கி, உப்பு ஏறி, எதுவும் முளைக்காத நிலமாகிவிட்டது. 1990களில் வனத்துறையும் சுவாமிநாதன் நிறுவனமும் உள்ளூர் மக்களோடு சேர்ந்து முதலில் கால்வாய் வெட்டின. தண்ணீர் தாராளமாக வந்துபோக வழி செய்த பிறகு கன்று நட்டார்கள். காடு திரும்பியது.

எனவே, ‘இத்தனை ஆயிரம் அலையாத்திக் கன்றுகள் நடப்பட்டன’ என்று அடுத்தமுறை செய்தி வந்தால், மூன்று கேள்விகளைக் கேளுங்கள். கடல்நீர் அங்கே தினமும் ஏறி இறங்குகிறதா? சேற்றில் உள்ள எண்ணெயையும் சாம்பலையும் என்ன செய்தார்கள்? மூன்று ஆண்டுகள் கழித்து எத்தனை கன்று உயிரோடு இருக்கிறது என்று யார் எண்ணப்போகிறார்கள்? மூன்றுக்கும் பதில் இல்லை என்றால், நட்டது வெறும் குச்சிதான்.