எல்லா ஃபைலும் இருக்கு, ஆனாலும் எரர் ஏன்? லிங்கருக்கு ஃபைல்களை எந்த வரிசையில் கொடுக்கணும்?

1985-இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பெங்களூருவில் தனது மையத்தைத் தொடங்கியது. இன்று அந்த நகரில் சிப் மென்பொருள் வேலைக்குப் போகிறீர்கள் என்றால், நீங்கள் தப்ப முடியாத ஒரு எரர் உண்டு: 'அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ்'. கோடிங் சரியாக இருந்தாலும் இது வரும். ஏன்?

லிங்கரின் வேலை என்ன?

சி மொழியில் எழுதும் ஒவ்வொரு சோர்ஸ் ஃபைலையும் கம்பைலர் தனித்தனி ஆப்ஜெக்ட் ஃபைலாக (.ஓ) மாற்றும். ஒரு ஃபைலில் அழைக்கப்படும் ஃபங்ஷன் வேறொரு ஃபைலில் இருக்கலாம். அவற்றைத் தேடி இணைத்து ஒரே புரோகிராம் ஆக்குவது லிங்கர். எந்தெந்த ஃபைல், எந்த வரிசையில் என்பதை நீங்கள்தான் சொல்லணும்.

வரிசை ஏன் முக்கியம்?

லினக்ஸில் பரவலாகப் பயன்படும் ஜிஎன்யு லிங்கர், கமாண்டை இடமிருந்து வலமாகப் படிக்கும். ஆப்ஜெக்ட் ஃபைலை முழுசா சேர்த்துக்கொள்ளும். ஸ்டாட்டிக் லைப்ரரியில் (.ஏ) அதுவரை தேடியும் கிடைக்காத ஃபங்ஷன்கள் உள்ள பகுதிகளை மட்டும் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடும். மறுபடி திரும்பிப் பார்க்காது. கடையைத் தாண்டிய பிறகு சாமான் லிஸ்ட் கைக்கு வந்த கதைதான்.

அதனால் முதலில் உங்கள் ஆப்ஜெக்ட் ஃபைல்கள், கடைசியில் லைப்ரரிகள். இரண்டு லைப்ரரிகள் ஒன்றையொன்று நம்பியிருந்தால் 'ஸ்டார்ட் குரூப்', 'எண்ட் குரூப்' ஆப்ஷன்களுக்கு நடுவில் வையுங்கள். தேவை தீரும்வரை லிங்கர் அவற்றைத் திரும்பத் திரும்பத் தேடும்.

நண்பரின் கம்ப்யூட்டரில் மட்டும் ஓடுதே?

ஷேர்டு லைப்ரரிகளுக்கு (.எஸ்ஓ) வழக்கமாக வரிசை பெரிய சிக்கல் இல்லை. ஆனால் உபுண்டுவில் 11.10 பதிப்பிலிருந்து 'ஆஸ் நீடட்' ஆப்ஷன் தானாகவே இயங்குகிறது. அங்கே ஷேர்டு லைப்ரரியும் பின்னால்தான் வரணும்.

எரர் வராவிட்டால் எல்லாம் சரியா?

இல்லை. ஒரே ஃபங்ஷன் இரண்டு ஸ்டாட்டிக் லைப்ரரிகளில் இருந்தால், பெரும்பாலும் முதலில் வருவதே சேரும், எச்சரிக்கைகூட வராது. நீங்கள் திருத்திய பதிப்புக்குப் பதில் பழைய பதிப்பு சத்தமில்லாமல் கருவிக்குள் போய்விடலாம். அது காரின் பிரேக்கையோ மருத்துவக் கருவியையோ இயக்கும் சிப் என்றால்?

எப்படிக் கண்டுபிடிப்பது?

'மேப்' ஆப்ஷனைச் சேருங்கள். எந்தப் பகுதி எந்த ஃபைலிலிருந்து வந்தது என்று லிங்கரே எழுதிக் கொடுக்கும். எரர் வந்தால் கோடிங்கைத் திருத்தும் முன் ஃபைல் வரிசையைப் பாருங்கள். எரர் வராத நாளிலும் மேப் ஃபைலை ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.