பனிக்காலத்துச் சின்னஞ்சிறு விருந்தினர்

மார்கழி, தை மாதங்களில் கனடாவின் ஒன்ராறியோ மாகாணம் வெண்பனி போர்த்துக் கிடக்கும். மரங்கள் இலையுதிர்ந்து நிற்கும். குளங்கள் உறைந்து கல்லாகிவிடும். இரவில் வெப்பநிலை பூச்சியத்திற்குக் கீழே 20 பாகைக்கு இறங்குவதும் உண்டு. பறவைகளிற் பெரும்பாலானவை இதற்கு முன்னரே தெற்கு நோக்கிப் பறந்துவிடுகின்றன. ஆயினும், எங்கும் போகாது அங்கேயே தங்கிவிடும் சிறு பறவைகளும் பல உள.

அவற்றுக்காக வீட்டு வளவில் ஒரு தீனிப்பெட்டியைத் தொங்கவிட்டு, சூரியகாந்தி விதையை இட்டு, யன்னலின் உட்புறமிருந்து பார்த்து மகிழ்வது அந்நாட்டவர் பலரின் குளிர்காலப் பொழுதுபோக்காகும். நம்மவர் குடும்பங்கள் பல்லாயிரம் இன்று ரொறன்ரோ நகரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாழ்கின்றன. பனி படிந்த கிளையில் நெருப்புத் துண்டம்போல் அமர்ந்திருக்கும் கார்டினல் என்ற செந்நிறப் பறவையை, உறவினர் அனுப்பிய படங்களில் வாசகர் சிலர் கண்டிருக்கவுங் கூடும்.

பார்ப்பதற்கு இது வெறும் பொழுதுபோக்கே. எனினும் இந்த யன்னலோரத்திலிருந்து விஞ்ஞானத்திற்குக் கிடைத்த நன்மை சிறிதன்று.

குளிரை வெல்லும் குருவி

தீனிப்பெட்டியை முதலில் நாடி வருவது பெரும்பாலும் சிக்கடி என்னும் குருவியே. கரிய தொப்பி, வெண்மையான கன்னம், கழுத்தின் கீழ் ஒரு கரும் திட்டு. இவையே அதன் அடையாளம். நிறையோ ஏறத்தாழ 11 கிறாம்தான். இத்துணைச் சிறிய உடல் அவ்வளவு கடுங்குளிரை எவ்வாறு தாங்குகின்றது?

பகல் முழுவதும் தின்று உடலிற் கொழுப்பைச் சேர்த்து, இரவில் அதை எரித்துச் சூடு பெறுகின்றது சிக்கடி. இறகுகளைச் சிலிர்த்து, இடையிலே காற்றைச் சிறைப்படுத்திப் போர்வையாக்கிக் கொள்கின்றது. பகலில் ஏறத்தாழ 42 பாகையாக உள்ள உடற்சூட்டை இரவில் 10 பாகை அளவிற்குத் தணித்து, எரிபொருளைச் சிக்கனஞ் செய்கின்றது. இவை போதாவென்று, நூற்றுக்கணக்கான விதைகளை மரப்பட்டை இடுக்குகளில் ஒவ்வொன்றாக ஒளித்து வைத்து, பல நாட்கள் கழிந்த பின்னரும் அவ்விடங்களை மறவாது தேடி எடுக்கின்றது.

இவ்வாறு தானே பிழைக்க வல்ல பறவைக்கு நாம் தீனியிட்டால் அது சோம்பேறியாகிவிடாதா என ஐயுறுவோர் உளர். அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் நடந்த ஆராய்ச்சிகள் இதற்கு விடை கூறின. 1988இல் வெளியான ஆய்வின்படி, தீனிப்பெட்டியை நாடிய சிக்கடிகளில் 100க்கு 69 குளிர்காலத்தைக் கடந்து பிழைத்தன. அவ்வசதியற்ற காட்டுச் சிக்கடிகளிற் பிழைத்தவை 100க்கு 37 மட்டுமே. ஆயினும் அவை தீனிப்பெட்டியிலிருந்து பெற்றது, நாளாந்தம் தமக்கு வேண்டிய உணவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். எஞ்சியதைத் தாமே தேடிக்கொண்டன. நெடுங்காலம் தீனி வைக்கப்பட்ட ஓரிடத்திற் பின்னர் அதை அகற்றியபோதும், அங்கிருந்த சிக்கடிகள் ஏனையவை போன்றே பிழைத்திருந்தன என்பது 1992இல் வெளியான மற்றோர் ஆய்வின் முடிபு.

கமெராவும் பொறுமையும்

தீனிப்பெட்டியருகே படம் பிடிப்பது எளிதெனத் தோன்றலாம். ஆனால் சிக்கடி ஒரு விதையைக் கௌவியதும் கணப்பொழுதிற் பறந்துவிடும். எனவே அனுபவசாலிகள் பெட்டிக்குக் குறிவைப்பதில்லை. அதனருகே ஒரு கிளையை நட்டு வைக்கின்றனர். முறைக்குக் காத்திருக்கும் பறவை அதன்மீது ஒரு கணம் அமரும். அதுவே படம் எடுக்கும் தருணம். கமெரா பறவையின் கண் மட்டத்தில் இருத்தல் வேண்டும். காலை வெயில் படம் எடுப்பவரின் முதுகுப்புறம் இருத்தல் நன்று. செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கு வேகமேனும் இல்லாவிடிற் சிறகு கலங்கிவிடும். வெண்பனியின் ஒளியால் கமெரா ஏமாந்து படத்தை இருட்டாக்குமாதலின், ஒளியளவைச் சற்றுக் கூட்டி வைத்தலும் அவசியம்.

நல்ல படத்துக்காகப் பறவையை விரட்டுவதும் கலைப்பதும் பெருந்தவறு. குறுகிய பகற்பொழுதிற் சேர்த்த கொழுப்பே அதன் இராப்பொழுதுக்கான முதல். அதை வீணே செலவழிக்கச் செய்தல் தகாது.

எண்ணியவர் செய்த தொண்டு

முன்னாளில் அமெரிக்காவிற் கிறிஸ்துமஸ் நாளன்று கண்ணிற்பட்ட பறவைகளையெல்லாம் சுட்டுக் குவிக்கும் வேட்டைப் போட்டி ஒன்று வழக்கில் இருந்தது. சுடுவதற்குப் பதிலாக எண்ணுங்கள் என்றார் பிராங்க் சாப்மன் என்னும் பறவையியலாளர். 1900ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் 27 பேர் 25 இடங்களில் எண்ணினர். ரொறன்ரோவும் அவற்றுள் ஒன்று. அக்கணக்கெடுப்பு இன்றும் ஆண்டுதோறும் நடைபெறுகின்றது.

தீனிப்பெட்டிப் பறவைகளை வீட்டிலிருந்தே எண்ணும் திட்டம் 1976இல் ஒன்ராறியோவில் ஆரம்பமாயிற்று. 1987 முதல் அது கோர்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் ஆய்வுகூடத்துடன் இணைந்து வட அமெரிக்கா முழுவதற்கும் விரிந்தது. எண்ணும் முறையை மாணவர்கள் கவனித்தல் நன்று. வந்து போகும் பறவைகளைக் கூட்டிக்கொண்டே போனால் ஒன்றையே பலமுறை எண்ண நேரும். ஆகவே ஓர் இனத்தில் ஒரே வேளையிற் கண்ணிற்பட்ட மிகக் கூடிய எண்ணிக்கையை மட்டுமே குறித்தல் வேண்டும்.

இதன் அருமை 1994இல் தெரியவந்தது. ஹவுஸ் பிஞ்ச் என்னும் குருவி மேற்கு அமெரிக்காவுக்குரியது. நியூயோர்க் கடைகளிற் சட்டத்திற்கு மாறாகக் கூண்டில் விற்கப்பட்ட இக்குருவிகள் 1940 அளவில் வெளியே விடப்பட்டு, கிழக்கெங்கும் பெருகியிருந்தன. அவ்வாண்டுக் குளிர்காலத்தில், வாஷிங்டன் நகரச் சூழலில் யன்னலோரம் நின்றவர்கள், கண் வீங்கிப் பார்வையற்றுத் தடுமாறும் ஹவுஸ் பிஞ்ச்சுகளைக் கண்டு அறிவித்தனர். கோழிகளைப் பீடிக்கும் மைக்கோபிளாஸ்மா என்னும் கிருமியே இதற்குக் காரணமெனப் புலனாயிற்று. பின்னர் ஆயிரக்கணக்கான வீட்டார் அனுப்பிய குறிப்புகளைக் கொண்டே, நோய் ஊர் ஊராகப் பரவிய பாதையை விஞ்ஞானிகள் வரைந்தனர். சில ஆண்டுகளுள் கிழக்கின் பல பகுதிகளில் அக்குருவிகளின் தொகை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது.

நோயைக் கண்டறிய உதவிய தீனிப்பெட்டியே, நோய் பரவுவதற்கும் துணையாயிற்று என்பதை மறத்தல் கூடாது. நோயுற்ற பறவை தலையை நுழைத்துத் தின்ற துவாரத்திலேயே நலமான பறவையும் அலகை நீட்டுகின்றது. எனவே இரு வாரத்திற்கு ஒருமுறையேனும் பெட்டியைக் கழுவி, நன்கு உலர்த்திய பின்னரே விதை இடல் வேண்டும். நோயுற்ற பறவை தென்பட்டாற் பெட்டியைச் சில நாட்கள் அகற்றிவிடுதல் நலம். கண்ணாடி யன்னலில் மோதி மாளும் பறவைகளும் மிகப் பல. ஆதலாற் பெட்டியை யன்னலிலிருந்து ஒரு மீற்றருக்கு உட்பட்டோ, பத்து மீற்றருக்கு அப்பாலோ வைக்குமாறு கூறுவர். பூனையைக் குளிர்காலத்திலேனும் வீட்டினுள் வைத்திருத்தல் வேண்டும்.

1970 தொடக்கம் வட அமெரிக்காவில் ஏறக்குறைய 290 கோடி பறவைகள் குறைந்துபோயின என 2019இல் ஓர் ஆய்வு அறிவித்தது. தீனிப்பெட்டியின் கீழ்ச் சிந்திய விதையைப் பொறுக்கும் ஜங்கோ போன்ற சாதாரண பறவைகளும் அவ்விழப்பில் அடங்கும். இத்தகைய கணக்கைச் சம்பளம் பெறும் விஞ்ஞானிகள் மட்டும் எடுத்துவிட முடியாது. பல ஆண்டுகளாகப் பென்சிலும் தாளுமாய் நின்று, கண்டதைக் கண்டவாறே எழுதிவைத்த ஆயிரமாயிரம் சாதாரண மக்களின் உழைப்பும் அதற்கு ஆதாரமாயிற்று. கனடாவில் வாழும் நம் பிள்ளைகளும் இத்தொண்டிற் சேரலாம். அதற்கு வேண்டுவன ஒரு யன்னலும், ஒரு பிடி விதையும், உண்மையைத் தவறாது குறித்துவைக்கும் பழக்கமுமே.