ஹெட்செட் மாட்டுபவருக்கு ஒரு ஹூடி

ட்விட்ச் தளத்தில் ஒரு ஸ்ட்ரீமரின் நேரலையைத் திறந்தால், திரையின் ஓரத்துச் சிறு கட்டத்தில் அவர் நெஞ்சுக்கு மேல் மட்டும் தெரிகிறார். முகம், மைக், அதற்குக் கீழே ஒரு சாண் துணி. ரசிகர்களுக்காக அவர் விற்கும் ஹூடியும் பெரும்பாலும் அந்த ஒரு சாணை மனதில் வைத்தே உருவாகிறது. நெஞ்சின் நடுவே பெரிய எழுத்து, அல்லது ஒரு கார்ட்டூன் முகம். உட்கார்ந்து விளையாடுகிறவருக்கு அது போதும். ஆனால் ஹெட்செட் மாட்டி மெய்நிகர் உலகில் ஆடும் வி.ஆர். ரசிகர் எழுந்து நிற்கிறார், குனிகிறார், சுழல்கிறார், இரு கைகளையும் வீசுகிறார். அவர் கண்கள் ஹெட்செட்டுக்குள் இருக்கும்போது, அறையில் இருப்பவர்கள் பார்ப்பது அவருடைய முதுகையும் தோளையும் கைகளையும்தான். அவருக்கான ஹூடியை நெஞ்சுப் படத்தை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. அசைகிற உடம்பைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஹூடி தோன்றியதே வேலை செய்யும் உடம்புக்காகத்தான். 1930களில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், ராச்செஸ்டர் நகரத்து சாம்பியன் நிறுவனம் கிடங்குத் தொழிலாளர்களுக்கும் விளையாட்டு வீரர்களுக்கும் இதைத் தைத்துக் கொடுத்தது. துவைத்தால் நீளம் குறுகாமல் இருக்கத் துணியைக் குறுக்குவாட்டில் வெட்டித் தைக்கும் முறைக்கு அதே நிறுவனம் காப்புரிமையும் பெற்றது. பிறகு ஹிப்ஹாப் பாடகர்கள், ஸ்கேட்போர்டு இளைஞர்கள் என்று கைமாறிக் கைமாறி, ஹூடி கேமர்களிடம் வந்து சேர்ந்தது.

கேமர் ஹூடியை வெறும் விளம்பரத் துணியாக விடாமல் உண்மையான ஆடையாக்கிய அமைப்புகளில் ஹண்ட்ரட் தீவ்ஸ் முக்கியமானது. கால் ஆஃப் டூட்டி விளையாட்டில் பெயர் பெற்ற மேத்யூ ஹாக் 2017இல் லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கிய அமைப்பு இது. குறைந்த எண்ணிக்கையில் வெளியிடுவார்கள். சீக்கிரமே விற்றுத் தீர்ந்துவிடும். 2021இல் இத்தாலியின் ஆடம்பர ஆடை நிறுவனமான கூச்சியோடு சேர்ந்து 200 முதுகுப்பைகளை மட்டும், ஒன்று 2,500 டாலருக்கு வெளியிட்டார்கள். அந்த விலையை நான் மெச்சவில்லை. ஆனால் சின்னத்தைச் சிறிதாக வைத்து, தையலுக்கும் நிறத்துக்கும் மரியாதை கொடுத்த அவர்களுடைய அணுகுமுறை எனக்குப் பிடிக்கும். விளையாட்டைப் பற்றி எதுவும் தெரியாதவர்கூடக் கடைத்தெருவுக்குப் போட்டுக்கொண்டு போகலாம்.

இதற்கு நேர் எதிர்த் துருவத்தில் இருக்கிறது காவ்ர் குரா என்ற வி-டியூபரின், அதாவது வரைந்த உருவத்தின் வழியே நேரலை செய்பவரின், ஹூடி. ஜப்பானின் ஹோலோலைவ் அமைப்பின் ஆங்கிலப் பிரிவில் 2020 செப்டம்பரில் அறிமுகமாகி, 2025 மே 1 அன்று விடைபெற்ற சுறாப்பெண் பாத்திரம் அது. யூடியூபில் 40 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பின்தொடர்ந்தார்கள். அவள் அணிந்திருந்தது ஒரு நீல ஹூடி. அதில் சுறாவின் வாயும் பற்களும். வரைந்த உருவத்தின் உடையை நிஜ உடம்புகளில் மாட்டிக்கொண்டு ரசிகர்கள் விழாக்களுக்கு வந்தார்கள். அவளை நேரில் கண்டவர் எவரும் இல்லை. ஆனாலும் அந்த நீலத்தைத் தூரத்தில் பார்த்தவுடனே, முன்பின் தெரியாத இருவர் பேசத் தொடங்கிவிடுவார்கள். இந்தத் துணியின் உண்மையான மதிப்பு இதுதான் என்று நினைக்கிறேன். ஊரும் தெருவும் இல்லாத ஒரு கூட்டத்துக்கு இதுவே முகவரி. 2017 பிப்ரவரியில் ஸ்டீம் தளத்துக்கு வந்த வி.ஆர்.சாட் போன்ற உலகங்களில் அவதாரங்களாக மட்டுமே பழகியவர்களுக்கு அந்த முகவரி இன்னும் அதிகமாகத் தேவைப்படுகிறது. ஜப்பானின் பூத் தளத்தில் அவதாரங்களுக்கென்றே ஹூடி வடிவமைத்து விற்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவதாரத்தின் உடையும் உடம்பின் உடையும் ஒரே நிறக் குடும்பத்தில் இருந்தால், ஹெட்செட்டைக் கழற்றிய பிறகும் நண்பர்களுக்கு அடையாளம் தெரியும்.

இனி உடம்பு. செக் நாட்டில் உருவாகி 2018இல் வெளிவந்த பீட் சேபர் விளையாட்டில், பாட்டின் தாளத்துக்குப் பறந்து வரும் கட்டைகளை ஒளிவாளால் வெட்ட வேண்டும். நான்கு பாட்டு முடிவதற்குள் வியர்த்துக் கொட்டும். மெட்டா குவெஸ்ட் 3 ஹெட்செட்டின் எடை 515 கிராம். அது நெற்றியையும் பிடரியையும் அழுத்திக்கொண்டிருக்கும்போது, உள்பக்கம் பஞ்சுபோல் சீவிய 350 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 350 கிராம்) பிலீஸ் ஹூடியைப் போட்டுக்கொண்டு ஆடுவது வதை. 240 முதல் 280 ஜி.எஸ்.எம். வரையிலான லூப் நிட் துணி போதும். சென்னை, மதுரை வெயிலில் அதுவும் அதிகம் என்பவர்கள் கையில்லாத ஹூடியைத் தேடலாம். அல்லது உள்ளே நல்ல டி-ஷர்ட் ஒன்றைப் போட்டுக்கொண்டு, ஆட்டம் சூடுபிடிக்கும்போது ஜிப் ஹூடியைக் கழற்றி வைக்கலாம். ஜிப் வைத்தால் நெஞ்சுப் படம் இரண்டாகப் பிளக்கும். ஆகவே ஜிப் ஹூடியில் படம் முதுகில் இருப்பதே அழகு.

ஹூடியின் தலைத்துணி தடிமனாக இருந்தால் ஹெட்செட்டின் பின்பட்டை அதன் மேல் ஏறி உட்கார்ந்து நழுவும். ஒற்றைத் துணியில் தைத்த, மெல்லிதாக மடியும் தலைத்துணியே நல்லது. கன்ட்ரோலர் இல்லாமல் வெறுங்கையாலேயே ஆடும் விளையாட்டுகளில் ஹெட்செட்டின் கேமராக்கள் விரல்களைப் பார்த்தாக வேண்டும். உள்ளங்கை வரை தொங்கும் பெரிய சைஸ் கை அதைக் கெடுக்கும். மணிக்கட்டில் இறுக்கமான ரிப் வைத்த கைதான் வேண்டும். இடுப்பில் வைவ் டிராக்கர் என்ற அசைவு அறியும் கருவியைக் கட்டி முழு உடம்பையும் அவதாரத்துக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு வேறு சிக்கல். சுவரில் மாட்டிய பேஸ் ஸ்டேஷனின் கதிர் அந்தக் கருவி மேல் நேராகப் பட வேண்டும். தொளதொளவென்று தொடை வரை இறங்கும் ஹூடி அதை மூடிவிடும். இடுப்போடு நிற்கும் குட்டை வெட்டு அவர்களுக்குச் சரி. பச்சைத் திரைக்கு முன் நின்று தன்னையும் விளையாட்டையும் ஒரே படத்தில் இணைத்து ஒளிபரப்புகிறவர் பச்சை ஹூடி பக்கமே போகக் கூடாது. உடம்பு மறைந்து தலையும் கையும் மட்டும் மிதக்கும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. கால்களே இல்லாத குரங்காக மாறி, கைகளால் தரையை உந்தித் தாவும் கொரில்லா டேக் சிறுவர்களிடம் பரவிய விளையாட்டு. தலைத்துணியில் தொங்கும் நாடா, இப்படிக் கை வீசும் குழந்தைக்கு ஆபத்து. அமெரிக்காவில் குழந்தைகளின் மேலாடைகளில் கழுத்து, தலைத்துணி நாடாக்களைத் தவிர்க்கும் வழிகாட்டுதல் 1996இலேயே வந்துவிட்டது. 2011இல் அது சட்டரீதியான விதியாகவும் ஆனது. பெரியவர் சைஸ் ஹூடியைப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்தால், நாடாவை உருவி எடுத்துவிட்டுப் போடச் சொல்லுங்கள்.

அழகைப் பற்றி என் தீர்ப்பு கறாரானது: உடம்பில் ஒரு படம் பேசினால் போதும். ஹூடியில் பெரிய படம் இருந்தால் பேன்ட், தொப்பி, ஷூ மூன்றும் அமைதியாக இருக்கட்டும். படத்தில் அதிகம் தென்படாத ஒரு சிறு நிறத்தை, ஒரு காதோர ஊதாவையோ ஒரு கண்ணின் மஞ்சளையோ, காலுறையில் திரும்பக் கொண்டுவந்தால் முழு உடையும் ஒன்றுகூடிவிடும். கீழே இறுக்கமான பேன்ட் வேண்டாம். குந்தி எழ முடியாது. கணுக்காலில் ரிப் வைத்த ஜாகர் குனியவும் விடும், ஹூடியின் எடைக்கும் ஈடு கொடுக்கும். ஒரு கை நெடுக எழுத்து ஓடும் ஹூடி கிடைத்தால் விடாதீர்கள். வாள் வீசும் கையில் அந்த எழுத்து நகரும்போது, பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டார்கூட ரசிப்பார்கள்.

வாங்கும்போது பிரிண்டைச் சோதித்துப் பார்க்கத் தயங்காதீர்கள். இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் சுமக்கும் திருப்பூரில், பிரிண்டிங் பட்டறையில் வேலை செய்கிற எவரைக் கேட்டாலும் சொல்வார்: பிளாஸ்டிசால் மை ஏறக்குறைய 160 டிகிரி செல்சியஸ் சூட்டில் முழுதாக வேக வேண்டும். வேகாத பிரிண்ட் முதலில் பளபளக்கும், சில துவைப்பிலேயே வெடிக்கும். படத்தின் இருபுறமும் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். மை துணியோடு சேர்ந்து நீண்டு, விட்டவுடன் திரும்பினால் நல்ல வேலை. மயிரிழை விரிசல் தெரிந்தால் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். ஸ்ட்ரீமர்கள் பல வடிவங்களை ஒரே ஒருமுறைதான் வெளியிடுகிறார்கள். எனவே கிடைத்ததை உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பி, குளிர்ந்த நீரில் துவைத்து, நிழலில் உலர்த்துங்கள். படத்தின் மேல் இஸ்திரிப் பெட்டியை வைக்கவே வேண்டாம்.