பூனைக்குட்டியோடு வரும் பேப்பர்

தீர்த்தமலையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: பெங்களூரில் ஒருவர் பெர்சியன் பூனைக்குட்டி விற்கிறார், பேப்பரோடு ஒரு விலை, பேப்பர் இல்லாமல் பாதி விலை. வீட்டில் வளர்க்கத்தானே, பேப்பர் எதற்கு?

ஆலம்பாடி மாடு பிடிக்கப் போகும் தருமபுரிக்காரர் பல்லைப் பார்ப்பார், சுழி பார்ப்பார், தாய்ப்பசு யார் கொட்டகையில் நிற்கிறது என்று விசாரிப்பார். பூனை வாங்குகிறவருக்குப் பெரும்பாலும் கிடைப்பது செல்போனில் வரும் படம் மட்டும்தான். கொட்டகை வரை போய்ச் செய்ய வேண்டிய விசாரணையைப் பேப்பரை வைத்துத்தான் செய்தாக வேண்டும்.

நாய்களைப் பதிவு செய்ய கென்னல் கிளப் ஆஃப் இந்தியா சென்னையிலேயே இருக்கிறது. பூனைக்கு 1906-ல் தொடங்கிய சி.எஃப்.ஏ., 1979-ல் வந்த டிக்கா போன்ற அமெரிக்கப் பதிவேடுகள் உலகெங்கும் பெயர் பெற்றவை. பேப்பர் என்பது இத்தகைய பதிவேடு தரும் பதிவுச் சான்றிதழ்தான்; அதில் பிறந்த தேதி, பாலினம், நிறம், தாய் தந்தையின் பதிவு எண்கள் இருக்கும். வம்சாவளிப் பட்டியல் கேட்டால் தாத்தா பாட்டிகளும் வந்துவிடுவார்கள்.

இதில் நிறம் என்ற கட்டத்தை யாரும் கவனிப்பதில்லை. பொய்யைக் காட்டிக்கொடுப்பது அதுதான். பூனையின் செம்மஞ்சள் நிறத்தைத் தீர்மானிக்கும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆண்குட்டிக்கு உள்ள ஒரே எக்ஸ் தாயிடமிருந்து வருவது. எனவே தகப்பன் எவ்வளவு செம்மஞ்சளாக இருந்தாலும் கறுப்புத் தாய்க்குச் செம்மஞ்சள் ஆண்குட்டி பிறக்காது. அதே ஜோடிக்குப் பிறக்கும் பெண்குட்டிகளோ கறுப்பும் செம்மஞ்சளும் கலந்து வரும். பேப்பரில் தாய் கறுப்பு, மகன் செம்மஞ்சள் என்று இருந்தால், அந்தத் தாய் வேறு யாருடைய தாயோ! முழு வெள்ளைத் தாய் மட்டும் இந்தக் கணக்கில் சேராது. வெள்ளை, அடியிலுள்ள நிறத்தை மூடிவிடும். பல காலமாக வளர்ப்பாளர்கள் அறிந்திருந்த இந்த மரபணு எது என்பதை அமெரிக்க, ஜப்பானிய ஆய்வாளர்கள் 2025-ல்தான் வெளியிட்டார்கள்.

நிறத்தைவிடப் பெரிய விஷயம் சிறுநீரகம். பெர்சியன் பூனைகளில் சிறுநீரகமெங்கும் நீர்க்கட்டிகள் வளரும் பரம்பரை நோய் உண்டு. தாய், தகப்பன் இருவரில் ஒருவரிடம் அதற்கான மரபணுப் பிழை இருந்தாலே ஒவ்வொரு குட்டிக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அறிகுறிகள் பெரும்பாலும் ஏழு வயதை ஒட்டித்தான் தெரியும். அதற்குள் அந்தப் பூனை பல ஈற்று ஈன்றிருக்கும். 2004-ல் கலிஃபோர்னியாவில் ஆய்வாளர் லெஸ்லி லையன்ஸ் குழுவினர் இந்தப் பிழையைக் கண்டுபிடித்தார்கள். இப்போது கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்தே சோதித்துவிடலாம். அதைக்கூடச் செய்யாமல் பூனையை ஈற்றுக்கு மேல் ஈற்றாக ஈனவைத்து விற்பது கொடுமை. குறைந்த விலையின் மிச்சத்தை அந்தக் குட்டிதான் உடம்பால் கட்டுகிறது.

பதிவுச் சான்றிதழ் உடல்நலச் சான்றிதழ் ஆகாது என்பதையும் வாசகர் மனதில் வைக்க வேண்டும். முன்பணம் கொடுக்கும் முன் தாய், தகப்பன் இருவரின் சிறுநீரக மரபணுச் சோதனை முடிவைக் கேட்கலாம். குட்டிக்கு மைக்ரோசிப் இருந்தால், கால்நடை மருத்துவரிடம் ஸ்கேன் செய்து அந்த 15 இலக்க எண் பேப்பரில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம். ஒத்துப்போகவில்லை என்றால் அது வேறொரு பூனையின் பேப்பர்.