வீட்டுக்கு எந்த ரௌட்டர்?

ஆலங்காயத்தில் என் வீடு தடித்த செங்கல் சுவர் வீடு. எமிஸ் பதிவு, பிள்ளைகளின் காணொலிப் பாடம் எல்லாம் ஒரே இணைப்பில்தான். ரௌட்டர் வாங்குமுன் மூன்றைப் பார்த்தேன்.

முதலாவது, அலைவரிசை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைக் கடந்து தூரம் செல்லும், வேகம் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, சுவரில் வலுவிழக்கும். இரண்டும் உள்ள 'டூயல் பேண்ட்' ஏற்றது.

இரண்டாவது, போர்ட். 100 எம்.பி.பி.எஸ். வேகத்துக்கு மேற்பட்ட இணைப்புக்குக் கிகாபிட் போர்ட் தேவை.

மூன்றாவது, பாதுகாப்பு. டபிள்யூ.பி.ஏ.3, குறைந்தது டபிள்யூ.பி.ஏ.2 இருக்க வேண்டும். மாணவர் விவரங்கள் நம் கையில் உள்ளன. எனவே பெட்டியில் அச்சிட்ட கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றிவிடுங்கள்.

ஆண்டெனா எண்ணிக்கையைக் கண்டு மயங்க வேண்டாம். ரௌட்டரை வீட்டின் நடுவே, உயரத்தில் வையுங்கள். அதற்குச் செலவே இல்லை.